தராசுக்குத் தெரியாத எடை

பதினாறாங்கல் மில்லின் எடைப்பாலத்தில்
பதினோரு வருடமாகச் சீட்டுக் கிழிக்கிறேன்.
லாரி ஏறும், எண் ஓடும், நிற்கும்.
இருபது கிலோவுக்குக் கீழே அதற்குக் கண் கிடையாது.
ஒரு குலை கூடினாலும் குறைந்தாலும்
திரை அசையாது.
டிரைவர்களுக்கு இது தெரியும். எனக்கும்.

அதனால்தானோ என்னவோ,
ஆகஸ்டில் பின்பக்கம் காய்ந்து கிடந்த மட்டைகளையும்
மூட்டைப்பூச்சி வைத்த மெத்தையையும் குவித்து
நெருப்பு வைத்தபோது
மனசிலும் ஒன்றும் அசையவில்லை.
ஒரு மெத்தைதானே.
இரண்டு வாளி ஊற்றினேன்.
சாம்பல் சீறி அடங்கியது.

எங்கள் மண் மண்ணே இல்லை,
அழுகி முடிக்காத காடு.
மழையில் கால் புதையும்,
வெயிலில் புகையிலை மாதிரி உலரும்.
நெருப்பு அதில் கீழ்நோக்கி வேர் விடும்.
பிறந்ததிலிருந்து இதன் மேல் நடக்கிறேன்,
தெரியாது என்று சொல்ல வாயில்லை.

செப்டம்பரில் சூரியன்
உதிர்ந்த செம்பனைப் பழமாய்க் கிடந்தது.
காற்றுக்குக் கைபேசியில் மார்க் போட்டார்கள்,
நூற்று எழுபது,
இருநூற்றுப் பன்னிரண்டு.
தமிழ்ப்பள்ளியை மூடினார்கள்.
ஒட்டுக்கடையில் எல்லாக் கையும்
கடல் தாண்டி நீண்டது:
"சுமத்ராக்காரன் வைக்கிற தீ."
நானும் நீட்டினேன்,
தே தாரிக் ஆறுகிற வரைக்கும்.
பொய்யில்லை. அங்கேயும் எரிந்தது.

பொம்பா அதிகாரி ஹஸ்னுல்
ஜீப்பின் மூக்கில் லேப்டாப்பை வைத்துக் காட்டினார்.
வானத்திலிருந்து எடுத்த படம்.
நீரிணைக்கு அந்தப் பக்கம்
அம்மை வார்த்ததுபோல் சிவப்புப் புள்ளிகள்.
இந்தப் பக்கம் ஒன்றே ஒன்று.
"இது எந்த இடம்?"
எங்கள் துணிக்கொடியிலிருந்து நாற்பது அடி.
அதற்குள் இரண்டு ஏக்கர் ஆகியிருந்தது,
பாதிக்கு மேல் தரைக்கடியில்.

லிம் சூன் ஹுவாட் கடையிலிருந்த குழாய்ச் சுருள்களை
கணக்கு எழுதாமல் தூக்கிப் போட்டார்.
காக் ரொஹாயா சூராவ் பம்ப்பை
மகன் மோட்டார்சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார்.
மொஃபிசுலும் அறைத்தோழர்கள் ஆறு பேரும்
லுங்கியை மடித்து இறங்கினார்கள்.
போன தேர்தலிலிருந்து எங்களோடு பேசாத வீரசிங்கம்
மணல் மூட்டையின் மறுமுனையைப் பிடித்தார்,
பேசாமலேயே.

கால்வாயில் பலகை இறக்கித் தண்ணீரைத் தேக்க வேண்டும்.
மேனேஜர் போனில் கேட்டார்:
"மரம் அழுகினால் யார் பொறுப்பு?"
"எரிந்தால்?" என்றார் தவமலர் டீச்சர்,
வைத்துவிட்டார்.

நான் சொன்னேன், "இது நான் வைத்த தீ."
பம்ப் இரைச்சலில் பாதி போயிற்று.
மலாயில் மறுபடி சொன்னேன்.
ஹஸ்னுல் பெயரை எழுதிக்கொண்டார்,
அபராதச் சீட்டு தபாலில் வரும் என்றார்.
பிறகு குழாயை நீட்டி, "பெகாங்."
பிடித்தேன். கை நடுங்கியது,
தண்ணீரின் வேகத்தில் என்று வைத்துக்கொள்ளலாம்.
சேற்றுக்குள்ளிருந்து யாரோ முனகினார்கள்:
"வியாழக்கிழமை நானும் கொஞ்சம் மட்டை..."
யாரென்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

நான்கு இரவு.
ஐந்தாம் நாள் தரை புகைவதை விட்டது.
வானம் விடவில்லை.
இருநூற்று ஒன்பது.
மூன்றே மூன்று குறைந்திருந்தது,
அதுவும் காற்று திரும்பியதால் இருக்கலாம்.
அந்தக் கரையிலும் இந்நேரம்
ஒருத்தி குழாயைப் பிடித்து நிற்கலாம்.
என் பெயர் அவளுக்குத் தெரியாது.
என் மெத்தையின் நாற்றம் ஒருவேளை
போய்ச் சேர்ந்திருக்கும்.

பலகைக்கு முறை வைத்திருக்கிறோம்.
செவ்வாயும் வெள்ளியும் எனக்கு.
மில் சங்கு ஊதியதும் டார்ச்சோடு போய்
அளவுக்குச்சியைப் பார்த்து
நோட்டில் எழுதுகிறேன்.
நேற்று மொஃபிசுல் வங்காள எண்ணில் போட்டிருக்கிறான்,
படிக்கக் கற்றுக்கொண்டேன்:
தரைக்குக் கீழே நாற்பத்திரண்டு சென்டிமீட்டர்.
இன்று நாற்பத்தொன்று.
அதற்கும் இதற்கும் நடுவே
பொடிப்பொடியாய் ஒன்பது கோடுகள்.
இன்னும் கொஞ்சம் குனிகிறேன்.